கண்ணாடிக்குள் மானேஜர்

மேஜைக்கு எதிரே யாரோ செருப்பைக் கழற்றி விட்டிருந்தார்கள். மானேஜர் ராஜமாணிக்கம் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி சுப்பன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

அவரை என்றால், அவர் உட்கார்ந்திருந்த கண்ணாடித் தடுப்பை. விதைக் கம்பெனியின் எல்லாக் கிளைகளிலும் மானேஜர் இனி வளைந்த கண்ணாடித் தடுப்புக்குள்தான் உட்கார வேண்டும், வருகிறவர்கள் எந்தப் பக்கத்திலிருந்தும் அவரைப் பார்க்க முடிய வேண்டும் என்று மெட்ராஸ் தலைமை அலுவலகத்தின் உத்தரவு. வைக்கோல் சுற்றி லாரியில் வந்த நான்கு வளைந்த கண்ணாடிகளை, கூடவே வந்த ஆட்கள் ஹாலின் நட்டநடுவில் வட்டமாக நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். பின்பக்கம் ஓர் ஆள் நுழைய மட்டும் இடைவெளி.

"யோவ் சுப்பா, இன்னாயா பண்ற?"

சத்தம் வெளியே சரியாகப் போகவில்லை. சுப்பன் நிதானமாக மூன்றாவது சுற்றை முடித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகுதான் பின்பக்கம் வந்து நின்றார்.

"மல்லாட்ட வெத வந்துச்சுங்களா?" என்று வேர்க்கடலை விதையை விசாரித்தார்.

"அது கெடக்கட்டும். என்னை எதுக்குயா சுத்தின?"

"வட்டமா ஒண்ணு நின்னா சும்மா தாண்டிப் போவ நமக்கு கால் வர்லிங்க. அதுவும் உங்க தலைக்குப் பின்னாடி திருவாசி வேற எரியுது."

ராஜமாணிக்கம் வெளியே வந்து பார்த்தார். சுவரிலிருந்த டியூப்லைட் வளைந்த கண்ணாடியில் வில்லாக வளைந்து, காலி நாற்காலிக்கு மேல் ஜொலித்துக்கொண்டிருந்தது. நாற்காலிக்கே கை கூப்பலாம் போலிருந்தது.

"இருவத்திரெண்டு வருஷ சர்வீஸ்யா," என்று கிளார்க் வேணுவிடம் கொதித்தார். "கடைசில என்னை உற்சவமூர்த்தி ஆக்கிட்டானுங்க."

அவர் கொதித்ததற்குக் காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜோதியம்மாள் வருகிறார். மகள் கஸ்தூரியைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் தாயார். "பொண்ணு புடிச்சிருக்கு. அப்பா வேலை செய்ற எடத்தையும் ஒரு தரம் கண்ணால பாத்துட்டு, அன்னிக்கே தட்டு மாத்திக்கலாம்," என்று சொல்லியனுப்பியிருந்தார். ஏழு இடம் தட்டிப்போன பிறகு அமைந்த இடம். அந்தம்மா வரும் நேரத்தில் எவனாவது இப்படிச் சுற்றினால் மரியாதை என்ன ஆவது?

"டியூப்லைட்டை நிறுத்துய்யா," என்றார்.

வேணு நிறுத்தினான். ஹால் இருட்டாகிவிட்டதால் மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதினார். சற்று நேரத்தில் கற்பூர வாசனை வந்தது. பக்கத்துத் தெரு ராணியம்மாள், தட்டில் கற்பூரம் ஏற்றிக் கண்ணாடிக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தாயே, இது ஆபீஸ்."

"தெரியும் ராசா. இருட்டுல ஒத்தை வெளக்கு, நடுவுல நீ. மூலஸ்தானமாட்டமே இருக்கு. பார்த்துட்டு சும்மா போனா நல்லாருக்குமா?"

மறுநாள் தடுப்பை எடுத்துவிட அனுமதி கேட்டு மெட்ராஸுக்கு டிரங்க்கால் பதிவு செய்தார். அதுவரை யார் கண்ணிலும் படாமலிருக்க, வீட்டிலிருந்து ஒரு பச்சைத் திரையைக் கொண்டுவந்து கண்ணாடியைச் சுற்றி உள்பக்கமாக மாட்டினார். அரைமணி நேரம் நிம்மதியாக இருந்தது.

பிறகுதான் வெளியே மூச்சுச் சத்தம் கேட்டது. நிறைய மூச்சு.

"இன்னா வேணு அங்க?"

"முப்பது பேர் நிக்கிறாங்க சார். தெரை போட்டிருக்குதுல்ல, உள்ள அலங்காரம் நடக்குதுன்னு காத்துக்கினு இருக்காங்க."

அந்த நேரம் பார்த்து வெளியே ஸ்டூலின் மேலிருந்த டெலிபோன் கணகணவென்று அடித்தது. மெட்ராஸ். ராஜமாணிக்கம் அவசரமாக எழுந்து திரையைச் சரக்கென்று விலக்கினார்.

மணி அடிக்கிறது, திரை விலகுகிறது, நடுவில் ராஜமாணிக்கம். முப்பது பேர் கைகளும் தலைக்கு மேல் போயின. "அரோகரா" என்ற குரலில் கண்ணாடி அதிர்ந்தது.

"அங்க இன்னாய்யா சத்தம்?" என்று கேட்டார் மெட்ராஸ் அதிகாரி.

"அதைத்தான் சார் சொல்ல வந்தேன். ஜனங்க கும்பல் தாங்கல. இந்தக் கண்ணாடியை எடுத்துடணும்."

"தினம் எத்தினி பேர் வர்றாங்க?"

"எண்பது பேருக்குக் கம்மி இல்ல சார்."

"மத்த பிராஞ்சுல பன்னெண்டு பேர் கூட வர்றதில்லய்யா. கண்ணாடி நல்லா வேலை செய்யுது. பத்திரமா வெச்சுக்க."

ராஜமாணிக்கத்துக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று, வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டினார். மூளை இருக்கிறதா என்று கேட்டார். மனிதனுக்கும் சாமிக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்டார். கூட்டம் கண்ணீர் மல்கக் கேட்டுக்கொண்டது. ஒருவர் மட்டும் வருத்தமாக முன்னால் வந்தார்.

"என்னை மட்டும் ஒண்ணும் திட்டலிங்களே. நான் இன்னாங்க பாவம் பண்ணேன்?"

புதன்கிழமை ஊர்க்கோடி ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருக்கும் இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். கம்பெனி மூடும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் மனைவி ரேணுகாம்பாள் காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னாங்க, கடைத்தெருவுல ஒரு அம்மா என் கால்ல விழுந்துச்சு."

"நீ இன்னா பண்ண?"

"தீர்க்க சுமங்கலியா இருன்னேன். விழுந்தப்புறம் சும்மா நிக்க முடியுமா?"

"நீயுமாடி?" என்று காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, வாசலுக்கே போய் ஜோதியம்மாளை வரவேற்று, மரியாதையாக ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவதாகத்தான் திட்டம். ஆனால் பத்து மணிக்கெல்லாம் கண்ணாடியைச் சுற்றி மூன்று வரிசை நின்றது. பின்பக்க இடைவெளியில் யாரோ வாழைப்பழச் சீப்புகளை அடுக்கி வழியை அடைத்திருந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ராஜமாணிக்கம், "வழி விடுங்கய்யா, சம்பந்தியம்மா வர்றாங்க," என்று கத்தினார். வெளியே வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மந்திரம் சொல்கிறார் என்று எல்லோரும் அமைதியானார்கள்.

அப்போது மச்சினன் அர்ஜுனன் முன்னால் வர, பட்டுப்புடவையும் கையில் வெற்றிலைத் தட்டுமாக ஜோதியம்மாள் உள்ளே நுழைந்தார்.

முடிந்தது என்று நினைத்தார் ராஜமாணிக்கம். அந்தம்மா நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். பிறகு மெல்லச் செருப்பைக் கழற்றினார்.

ராஜமாணிக்கத்தின் ஐந்து நாள் கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்தது. அந்தம்மா முகத்தில் கேலி இல்லை. பக்தி இருந்தது. இப்படிப் பெரிய இடம் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டுமே. பெண்ணுக்கு நல்லதுதானே?

ஜோதியம்மாள் வலமாக மூன்று சுற்று வந்து, எதிரே நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டார். ராஜமாணிக்கம் அக்கம்பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு முதல் தடவையாக வலது கையை மெதுவாகத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டி, லேசாகச் சிரித்தார்.

ஜோதியம்மாளின் கண்ணில் நீர் பொங்கிவிட்டது. வெற்றிலைத் தட்டைக் கண்ணாடிக்கு முன்னால் காணிக்கையாக வைத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து வெளியேறினார்.

பிற்பகலில் கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் ராஜமாணிக்கம் வாழைப்பழத்தைத் தாண்டி வெளியே வந்து, தட்டு எப்போது மாற்றிக்கொள்வது என்று கேட்கக் காத்திருந்தார். பஸ் ஏற்றிவிட்டு வந்த அர்ஜுனன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"இன்னாடா, அந்தம்மாவுக்குத் திருப்திதானே?"

"திருப்தி ரொம்ப ஜாஸ்திங்க மாமா. வழி பூரா உங்களையே பேசிக்கினு வந்துச்சு."

"அப்புறம் இன்னா? நாளு குறிச்சிடலாமா?"

"சாமி பெத்த பொண்ணு வேணாமாங்க மாமா. ‘நாளைக்குக் கொழம்புல உப்பு ஜாஸ்தியாச்சுன்னா நான் எப்படித் திட்டறது’ன்னு கேக்குது."