நீலக் கோட்டு ஆவிகள்

பட்... படபட... டமால்!

கரிக்கலாம்பாக்கம் கடைத்தெருவில் காலை பத்து மணிக்குச் சரவெடி வெடித்தது. கட்டியிருந்த கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வில்லியனூர் போகிற பேருந்து நடுரோட்டில் நின்றுவிட்டது. இந்தப் பக்கத்தில் காலையில் வெடிச் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சாவு. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாபா, யாரு பூட்டாங்க?"

"யாரும் பூடலண்ணே. பூனவங்கதான் திரும்பி வந்துக்கினு இருக்காங்க. அடிகளுக்கு ஒரு லட்சம் சப்ஸ்கிரைபர்!" என்றான் வெடி கொளுத்தியவன்.

பேருந்துக்குப் பின்னால் ஸ்கூட்டரோடு மாட்டிக்கொண்ட பிரேமா ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தாள். தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் உள்ள ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் அவள் டிசைனர். ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. இரண்டு கல்யாணம், ஒரு காதணி விழா, மூன்று கண்ணீர் அஞ்சலி காத்துக்கொண்டிருந்தன. செத்தவர்களைப் பார்க்க வந்த கூட்டம் உயிரோடு இருப்பவளுக்கு வழி விட்டால்தானே!

அடிகள் என்றால் ஆவிமொழி அடிகள். தாடி வளர்ப்பதற்கு முன்னால் மனை புரோக்கர் சிவப்பிரகாசம். இறந்தவர்களை அழைத்து, அவர்கள் சார்பில் அவரே பேசுவார். ஞாயிறுதோறும் கீற்றுப் பந்தலில் நடக்கும். ஃபேஸ்புக்கிலும் யூட்யூபிலும் நேரலை ஓடும்.

ஆறு மாதம் முன்பு வரை பந்தலில் நாற்பது பேர்தான். அதில் பத்துப் பேர் சுண்டலுக்கு வந்தவர்கள். அப்போதுதான் கலைவேந்தன் என்ற யூட்யூப் இளைஞன், 'ஆவியா? அல்வாவா?' என்று ஒரு வீடியோ போட்டான். அடிகள் அதற்குப் பதில் வீடியோ போட்டார். பதிலுக்கு மறுப்பு வந்தது. மறுப்புக்கு மறுப்பு வந்தது. அடிகள் கட்சி, கலைவேந்தன் கட்சி என்று ஊரே இரண்டானது. கமெண்டில் ஒருவர் அம்மாவை இன்னொருவர் விசாரித்தார்.

விளைவு? பந்தலில் நானூறு பேர்! பொய் என்று கேள்விப்பட்டு, அது எப்படிப்பட்ட பொய் என்று பார்க்க வந்தவர்கள், மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு அதைப் பொய் என்று ஒப்புக்கொள்ள மனம் வராமல் பக்தர்களாகத் திரும்பினார்கள். கால் வலிக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

அன்று சாயங்காலம் பிரேமா வீடு திரும்பியபோது அவள் அம்மா கனகாம்பாளின் முகம் நாலு மாதத்துக்குப் பிறகு மலர்ந்திருந்தது.

"ஏ பிரேமா, உங்கப்பா வந்தாருடி."

அப்பா நடேசன் இறந்து நாலு மாதம் ஆகிறது. பிரேமா சொம்பை வாய்க்குக் கொண்டுபோனபடி கேட்டாள். "பந்தலுக்குப் போனியா? வந்து இன்னா சொன்னாரு?"

"மொதல்ல எப்படி வந்தாருன்னு கேளு. நீலக் கோட்டு. செவப்பு டை. கோட்டுப் பையில ரோஜாப்பூ! சட்டைக்கு மேல்பட்டன் போடச் சொன்னாலே சண்டைக்கு வர்ற மனுஷன்... மேல போயி எப்படி இருக்காரு பாரு!"

சொம்பு அந்தரத்திலேயே நின்றது.

அந்தக் கோட்டைப் பிரேமாவுக்குத் தெரியும். அவள்தான் மாட்டிவிட்டாள். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வருகிறவர்கள் ரேஷன் கார்டு போட்டோவைக் கொடுத்து, "கோட்டு சூட்டு போட்டுடும்மா, கம்பீரமா இருக்கட்டும். மூஞ்சியக் கொஞ்சம் வெளுப்பாக்கு" என்பார்கள். கடையின் கம்ப்யூட்டரில் இருப்பது ஒரே கோட்டு. ஒன்பது வருடமாகப் பாகூர் முதல் வில்லியனூர் வரை உழுதவர், மீன் பிடித்தவர், மாடு மேய்த்தவர் எல்லோரும் அந்த ஒரு கோட்டைத்தான் போட்டுக்கொண்டு மேலே போகிறார்கள். அப்பாவுக்கும் அழுதுகொண்டே அதைத்தான் மாட்டினாள்.

அம்மா அந்தப் பேனரைப் பார்க்கவே இல்லை. தாலி அறுத்தவள் பதினாறு நாள் வாசல் தாண்டக் கூடாது. பதினேழாம் நாள் வெளியே வந்தபோது தெருமுனைப் பேனர் அவர்கள் வீட்டு ஆட்டுக் கொட்டகையில் கீற்றுக்கு மேல் கூரையாகியிருந்தது, முகம் கீற்றுப் பக்கம்.

"சரி, கோட்டு போட்டுக்கினு வந்து இன்னா சொன்னாரு?"

"ரோட்டோர அரைக்காணிய அடிகளுக்கு எழுதிக் குடுத்துடணுமாம். ஆவிங்க வந்து தங்க மண்டபம் கட்டுவாராம். நாளை வுட்டு அடுத்த திங்கக்கெழம பத்திரம்."

அந்த அரைக்காணி நெல்லில்தான் இந்த வீட்டில் உலை கொதிக்கிறது. சுற்றிலும் வயலெல்லாம் மனையாகிவிட்டது. கேட்டு வந்த புரோக்கர்களை நடேசன் மண்வெட்டியோடு விரட்டியவர். செத்தவுடன் தாராளம் வந்துவிட்டதாம்!

பிரேமா அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டுக் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். கூரைப் பேனரைப் புரட்டி, செல்போன் வெளிச்சத்தில் காட்டினாள். தலைகீழாக அப்பா. நீலக் கோட்டு, சிவப்பு டை, ரோஜாப்பூ.

கனகாம்பாள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"அடிகள் சொன்ன மாதிரியே இருக்காரேடி!"

"மா! இது நான் போட்ட கோட்டும்மா! எங்க கடை ஃபேஸ்புக் பக்கத்துல எல்லா பேனரும் கெடக்குது. டோக்கன் போடறப்ப பேரு, ஊரு, செத்த தேதி கேக்கறாங்கல்ல? அத வெச்சித் தேடிப் பாத்துட்டு ஒப்பிக்கிறான்!"

"நீ போட்டு அனுப்புனதத்தான் போட்டுக்கினு போயிருக்காரு. பெத்த பொண்ணு போட்டுவுட்டத கழட்டுவாரா?" கனகாம்பாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்டி, நீ கலைவேந்தன் கட்சியா?"

கண்ணால் கண்டதைச் சொன்னாலும் எந்தக் கட்சி என்று கேட்கிற காலம்.

பிரேமா கலைவேந்தனுக்கே போன் போட்டாள். கோட்டு விஷயம் முழுதும் கேட்டுவிட்டு அவன் குதூகலித்தான். "சூப்பர் கா! இத பார்ட் ஏழுல வெச்சிக்கலாம். இப்பதான் பார்ட் நாலு ஓடுது."

"தம்பி, திங்கக்கெழம பத்திரம்."

"அவசரப்படாதீங்க கா. வியூஸ் நல்லா போய்க்கினு இருக்குது. இப்பவே மாட்டிவுட்டா அப்புறம் நான் இன்னா போடறது?"

போனை வைத்தாள். ஆவியால் பிழைப்பவர் ஒருவர் என்று நினைத்திருந்தாள். இரண்டு பேர்.

மறுநாள் கடை வாசலில் மீன் கூடையோடு நின்றார் காத்தவராயன். நரம்பை மீனவக் குப்பத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். வாரம் இரண்டு நாள் கூட்டு ரோட்டில் மீன் விற்பார். பிரேமா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணே, எனக்காக ஒரு வாரம் செத்துப் போறீங்களா?"

காரணத்தைக் கேட்டதும் அவருக்கு வாயெல்லாம் பல். "எங்க வூட்ல கேட்டா சந்தோசப்படுவா. நல்ல போட்டோவா போடும்மா. கண்ணாலத்தப்ப எடுத்தது ஒண்ணு இருக்குது." நீலக் கோட்டை மாட்டி, முகத்தை வெளுத்து, 'கடலன்னை மடியில் கலந்தாய்' என்று எழுதியதும் அவர் திரையை உற்றுப் பார்த்தார். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

"ஆமாம்மா, இது யாரு கோட்டு? ஏதாவது செத்தவன் போட்டுக்கினு இருந்ததா? நமக்கு வேணாம்பா."

நியாயமான கேள்வி. ஒன்பது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. பிரேமா பழைய கோப்புகளைத் திறந்து, அந்தக் கோட்டை எந்தப் படத்திலிருந்து வெட்டினாள் என்று தேடினாள். கண்டுபிடித்தாள். நாற்காலி ஆடும் அளவுக்குச் சிரித்தாள். காத்தவராயனின் அஞ்சலியைக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏற்றிவிட்டு, அந்தப் பழைய படத்தையும் ஒரு பேனராக அடித்துச் சுருட்டி வைத்தாள்.

அடுத்த ஞாயிறு. பந்தலில் இடமில்லை. முதல் வரிசையில் கனகாம்பாள், மடியில் பத்திர நகல். பின்னால் சுருட்டிய பேனரோடு பிரேமா. அடிகள் கண்களை மூடியிருந்தார். எதிரில் கைலியும் துண்டுமாகக் காத்தவராயன்.

"எங்க மச்சான் காத்தவராயன், சாமி. நரம்பை. போன வாரம் பூட்டாப்ல."

"வருது... உப்புக் காத்து வீசுது... நீலக் கோட்டு... செவப்பு டை... பையில ரோஜாப்பூ!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடிகள் குரலைக் கரகரவென்று மாற்றினார். "மச்சான்... நான் காத்தவராயன் பேசறேன்... கடலம்மா என்ன மடியில வாங்கிக்கினா..."

"வலிச்சுதா மச்சான்?"

"வலிக்கல... இங்க ஒரு வலியும் இல்ல..."

"குடுத்து வெச்சவன் நீ. எனக்கு இங்க முட்டி வலிக்குது." காத்தவராயன் இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் உறையில் இருந்த ஆதார் அட்டையை எடுத்து கேமராவுக்கு நேரே நீட்டினார். "காத்தவராயன் நான்தான் சாமி. காலையில கூட வல இழுத்துட்டுதான் வர்றேன்."

அடிகள் மனை விற்றவர் அல்லவா, சும்மா விடுவாரா?

"ஆயுசு முடியப் போறவங்க ஆவி முன்கூட்டியே வரும்! இது கலைவேந்தன் சதி!"

"சதி! சதி!" என்றது பாதிக் கூட்டம். "பிராடு! பிராடு!" என்றது மீதி. 'ஆதார் போலி' என்று லைவ் கமெண்டில் ஒருவர் திருபுவனையிலிருந்து தீர்ப்பு எழுதினார். ஒரு பக்தர் காத்தவராயனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "யோவ், நீ உயிரோடதான் இருக்கன்னு எப்படிய்யா நம்பறது?"

உயிரோடு நிற்கிறவனை நம்ப மாட்டார்கள். செத்தவன் பேசினால் நம்புவார்கள்.

பிரேமா முன்னால் வந்தாள். கத்தவில்லை. "மா, இந்த முனையக் கொஞ்சம் புடி" என்றாள். கனகாம்பாள் பத்திர நகலைக் கீழே வைத்துவிட்டு, என்ன ஏது என்று தெரியாமலே பிடித்தாள். பேனர் விரிந்தது.

'திருமண வரவேற்பு விழா. மணமகன்: சிவப்பிரகாசம்.'

தாடி இல்லாத அடிகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். நீலக் கோட்டு. சிவப்பு டை. பையில் ரோஜாப்பூ.

"ஒம்போது வருஷத்துக்கு முன்னால எங்க கடையில அடிச்சது" என்றாள் பிரேமா. "கழுத்துக்குக் கீழ வெட்டி எடுத்து வெச்சிக்கினேன். அன்னேலேர்ந்து எங்க கடைக்கு வர்ற எல்லாச் சாவுக்கும் இதான் கோட்டு."

"எங்க சித்தப்பாவுக்கும் இதானே!" என்றது ஒரு குரல்.

"எங்கப்பாவும் ரோஜாப்பூவோடதான் வந்தாருன்னு..." இன்னொரு குரல் பாதியில் நின்றது.

இந்த முறை யாரும் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. அடிகளின் கை தானாக நெஞ்சுக்குப் போய், ரோஜாப்பூ இருக்க வேண்டிய இடத்தைத் தடவியது. ஒரு நாள் வாடகைக்கு எடுத்த கோட்டு. அதனால்தான் மறந்துவிட்டார் போலும்.

கனகாம்பாள் பேனரைப் பார்த்தாள். அடிகளைப் பார்த்தாள். மறுபடி பேனரைப் பார்த்தாள். நாலு மாதமாக அழுது வீங்கிய கண்கள் முதல் தடவையாகச் சுருங்கின. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் சாமி, அடுத்தவன் வயல்ல வெழுந்து கெடக்கற தேங்காயக் கூடத் தொடாத மனுஷன் எங்க வூட்டுக்காரரு... செத்ததும் மொத வேலையா உங்க கோட்டத் திருடிக்கினா போனாரு?"