நாற்பத்திரண்டு படுக்கைகள்

ஒரு குழந்தை ஒரே ஒரு பெரியவருடன் தனித்திருக்கக் கூடாது என்பது நியாயமான விதி. எங்கள் ஊரில் அதற்கு எதிராக யாரும் வாய் திறந்ததில்லை, நானும் திறந்ததில்லை. இந்தக் கதையில் ஒருவர்கூட எந்த விதியையும் மீறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையில், எங்கள் ஊர்த் துறையில், 'ஹாலோவெல்' என்ற பழைய போர்க்கப்பல் நிற்கிறது. ஒரு காலத்தில் முன்னூறு பேர் அதில் உண்டு, உறங்கி, இடையிடையே போரும் செய்தார்கள். இப்போது அது அருங்காட்சியகம். மாலுமிகளின் கித்தான் படுக்கைகளில் நாற்பத்திரண்டு மட்டும், மூன்றடுக்காக, மிச்சம் இருக்கின்றன. ஊரின் இளையோர் குழுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் போன மே மாதம் ஓர் இரவு அதில் தங்கலாம் என்று நிர்வாகம் பெருமனதுடன் தீர்மானித்தது.

நான் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன். கப்பலில் உள்ள விளக்கப் பலகைகளில் காற்புள்ளிகளைச் சரிபார்ப்பது என் தற்போதைய பொதுச்சேவை. அங்கேதான் பெட்ரா நோவோட்னி என்னைப் பிடித்தாள். பதின்மூன்று வயது.

"மிஸ்டர் ஆக்ஸ்லி, உங்களுக்கு மோர்ஸ் தெரியுமாமே?"

"மெதுவாத் தெரியும். பிழை இருந்தா திருத்தியும் கொடுப்பேன்."

"ஐயோ, திருத்த வேணாம். வாசிச்சா போதும்." குழுவின் கையேட்டைப் பிரித்தாள். "விளக்குச் செய்தி பேட்ஜ். கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல ராத்திரியில ஒரு செய்தி போகணும். கப்பல்ல இருக்கிறவங்களுக்கு பேட்ஜ். கரையில இருக்கிறவங்க சாட்சிக் கையெழுத்து. நீங்க கரை."

"அடுத்த வருஷம் செய்யக் கூடாதா?"

"ஜூன்ல எனக்குப் பதினாலு. பதினாலு ஆனா குழுவை விட்டுப் போகணும். எல்லா பேட்ஜும் வாங்கிட்டேன், இது ஒண்ணுதான் பாக்கி. சொதப்பிடாதீங்க."

குறியீட்டு அட்டையை என் சட்டைப்பையில் செருகிவிட்டுப் போனாள். கப்பலின் மேல்தளத்தில் இருந்த பெரிய சைகை விளக்கின் ஷட்டரை அவள் நான்கு மாதமாகத் தட்டிப் பழகியிருந்தாள்.

பிறகு ஆயத்தக் கூட்டம் நடந்தது. குழுத் தலைவர் லோவெல் ஃபிங்க், பல்பொருள் கடை வைத்திருக்கும் சாது, ஒரு பெட்டி டோனட்டுடன் வந்தார். அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு அலுவலர் ஆர்லீன் பெல்ச்சர் நீலக் கோப்புடன் வந்தார்.

"பெரியவங்க எத்தனை பேர்?" என்றார் ஆர்லீன்.

"ரெண்டு. நானும் என் மனைவியும்."

"ஒருத்தர் கழிப்பறைக்குப் போனா?"

ஃபிங்க் யோசித்தார். "சீக்கிரமா வந்துடுவோம்."

"மிஸ்டர் ஃபிங்க், 'சீக்கிரம்'னு விதியில எதுவும் இல்ல."

ஆகவே நால்வர். பையன்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி என்பதால் எட்டு பேர். பெரியவர்களும் கப்பலுக்குள் தனியாக நடமாடக் கூடாது, ஜோடியாகவே போக வேண்டும் என்பதால் பதினாறு. ஏணிகள் நான்கு, ஏணிக்கு இருவர், இரவுக்கு முன்பாதி, பின்பாதி. கடலை வெண்ணெய் ஒவ்வாமையைக் கவனிக்க இருவர். இருவரும் கடலை வெண்ணெய் பிரியர்கள் என்று தெரியவந்ததால் அவர்களைக் கவனிக்க மேலும் இருவர். மொத்தம் முப்பத்தாறு.

"முப்பத்தாறும் பன்னிரண்டும் நாற்பத்தெட்டு. படுக்கை நாற்பத்திரண்டுதான்," என்றேன். கூட்டல் என் துறை இல்லையென்றாலும் பிழை பிழைதானே.

"பெரியவங்களைக் குறைக்க முடியாது," என்றார் ஆர்லீன் வருத்தத்துடன். "அவங்க குழந்தைங்களோட பாதுகாப்புக்காக இருக்காங்க."

ஆறு குழந்தைகள் குறைக்கப்பட்டார்கள். மிஞ்சிய ஆறு பேரில் ஒருவன் தூக்கத்தில் நடப்பவன் என்று அவன் அம்மா படிவத்தில் நேர்மையாக எழுதியிருந்தாள். தூக்கத்தில் நடப்பவனின் பின்னால் விழிப்புடன் நடக்க, ஆளுக்கு இரண்டு மணி நேரம் வீதம், நான்கு பேர் தேவைப்பட்டார்கள். அவர்களுக்குப் படுக்கை வேண்டுமென்பதால் நான்கு குழந்தைகள் போனார்கள். தூக்கத்தில் நடப்பவனும் அதில் ஒருவன். ஆனால் அந்த நால்வரும் ஏற்கெனவே பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டதால், அவர்களைத் திருப்பி அனுப்புவது நாகரிகமாக இல்லை. மொத்தக் குழுவையும் ஒருங்கிணைக்க நகரசபை ஓர் ஒருங்கிணைப்பாளரை அனுப்பியது. ஐந்தாவதாக இன்னொரு குழந்தை போயிற்று.

மிச்சம் நாற்பத்தொரு பெரியவர்கள். பெட்ரா ஒருத்தி.

தங்கும் நாள் மாலை, முதுகுப் பையுடன் கப்பலின் நடைபாலத்தில் நின்ற பெட்ராவிடம் ஆர்லீன் குனிந்து கனிவாகச் சொன்னார்.

"கண்ணு, ஒரு குழந்தை பெரியவங்களுக்கு நடுவுல தனியா இருக்கக் கூடாதும்மா."

"நான் தனியாவா இருக்கேன்? நாற்பத்தொரு பேர் இருக்கீங்களே!"

"அதைத்தான் சொல்றேன்."

பெட்ரா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் இறங்கிப் போனாள். ஏறியவுடன் இறங்குவதற்கும் ஒரு படிவம் இருந்தது. அதையும் நிரப்பிவிட்டுத்தான் போனாள்.

இப்போது ஒரு படுக்கை காலி. அதைவிட முக்கியம், நாற்பத்தொன்று ஒற்றைப்படை. யாரோ ஒருவருக்கு ஜோடி இல்லை. எல்லாரும் கரையில் நின்றிருந்த என்னைப் பார்த்தார்கள். நான் மறுத்திருக்கலாம். ஆனால் எனக்கும் அந்தக் கித்தான் படுக்கையில் படுத்துப் பார்க்க ஐம்பது வருஷத்து ஆசை. ஏறிவிட்டேன்.

இரவு ஒரு மணிக்குக் கழிப்பறைக்குப் போக எழுந்தேன். என் ஜோடியை எழுப்பினேன். அவர் வேறு பகுதியின் காவல் என்பதால் அவருக்குப் பதில் இருவரை எழுப்பினார். ஏணிக் காவலர் இருவரும் எங்களைத் தனியே விடுவதற்கில்லை என்று கூடவே வந்தார்கள். சத்தம் கேட்டு எழுந்த ஃபிங்க் தம்பதியும், ஆர்லீனும் அவர் ஜோடியும் சேர்ந்துகொண்டார்கள். மேல்தளத்தின் வழியாக நாங்கள் ஒன்பது பேர் வரிசையாகப் போனோம்.

அப்போது கரையில் ஒரு டார்ச் விளக்கு மின்னியது. ஏரிக்கரையில் உள்ள நோவோட்னி வீட்டு மாடி. நான் அட்டையை எடுத்தேன்.

"வாசிச்சு முடிங்க ஆக்ஸ்லி," என்றார் ஃபிங்க், கால்மாற்றி நின்றபடி. "நிக்க முடியல."

எழுத்தெழுத்தாக எழுதினேன். செய்தி இதுதான்: "பன்னிரண்டு பேரும் எங்கள் வீட்டில். பெரியவர் யாரும் இல்லை. மிக நலம். நீங்கள் தூங்குங்கள்."

ஊரில் பயிற்சி பெற்ற பெரியவர்கள் எல்லாரும் கப்பலில் இருந்தோம். ஒவ்வொரு பெற்றோரும், வெளியூர் போயிருந்த நோவோட்னி தம்பதி உட்பட, பிள்ளைகளுடன் இன்னொரு வீட்டுப் பெரியவர் யாரோ இருப்பார் என்று நம்பியிருந்தார்கள்.

"நான் போறேன்," என்றார் ஃபிங்க்.

"தனியாவா?" என்றார் ஆர்லீன்.

"ரெண்டு பேராப் போறோம்."

"அப்ப இங்க ஏணிக் காவல் குறையும். ஏணிக் காவல் குறைஞ்சா யாரும் கப்பல்ல இருக்கக் கூடாது. யாரும் இல்லாத கப்பலை விட்டு யாரும் போகக் கூடாது."

விடியும்வரை கூடிப் பேசினோம். பிள்ளைகள் கப்பலில் இல்லாததால் அவர்கள் நிகழ்ச்சியில் பங்கேற்கவில்லை, எனவே விதி அவர்களைக் கட்டுப்படுத்தாது என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அறிக்கையில் 'காயமடைந்த குழந்தைகள்: இல்லை' என்று இருந்தது. மாநிலப் பாதுகாப்பு விருது அதற்குத்தான் கிடைத்தது.

பேட்ஜும் வந்தது. கப்பலில் இருந்தவருக்கு பேட்ஜ் என்ற விதிப்படி அது என் பெயருக்கு வந்திருந்தது. கரைச் சாட்சிக் கையெழுத்து: பெட்ரா நோவோட்னி. வெட்கத்துடன் அதை அவளிடம் நீட்டினேன்.

"வச்சுக்கோங்க," என்றாள். "கஷ்டப்பட்டு வாசிச்சிருக்கீங்க. ரெண்டு எழுத்து தப்பு, பரவாயில்ல."

"உனக்கு?"

"எனக்குப் பதினாலு ஆயிடுச்சு. இனிமே குழந்தை இல்ல. பயிற்சிக் கண்காணிப்பாளரா விண்ணப்பம் போட்டிருக்கேன். கப்பல்ல படுக்கணும்னா அதுதான் வழி." கோப்பு ஒன்றைப் பிரித்தாள், அது நீல நிறம். "பயிற்சிக் கண்காணிப்பாளருங்க ஜோடியா இருக்கணும். அப்ப ரெண்டு பெரியவங்க இறங்கணும். நீங்களும் மிஸ்டர் ஃபிங்கும்."

இந்த மே மாதம் நோவோட்னி வீட்டு மாடியில், கப்பலில் இந்த முறையும் படுக்கை கிடைக்காத புதிய பிள்ளைகள் பன்னிரண்டு பேருடன் நான் இருந்தேன். ஃபிங்க் பீட்சா வாங்கப் போயிருந்தார். சரியாக ஒன்பது மணிக்குக் கப்பலின் பெரிய விளக்கு உயிர்பெற்றது. பிழையே இல்லாத அழகான மோர்ஸ். பிள்ளைகள் கைதட்டினார்கள். அட்டையை வைத்து எழுதினேன்.

"கரையில் பெரியவர் எத்தனை பேர்?"

டார்ச்சால் பதில் அனுப்பினேன்: "ஒருவர்."

நிதானமாக, காற்புள்ளிகூட விடாமல் பதில் வந்தது: "விதிமீறல். உடனே வெளியேறி, வாசலில் நிற்கவும்."