கேட்டுவிட்டுக் கத்தியவர்

ஒரு குழந்தை எதைக் கேட்டுத் தூங்க வேண்டும்? என் மகளுக்கு மூன்று வயதாகப் போகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. தாலாட்டு என்பீர்கள். மெட்டல் தம்பி எங்கள் மாடிக்குக் குடிவரும் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கோயமுத்தூரில், ஏன் உலகத்திலேயே, அனுமதி கேட்டுவிட்டு அலறிய ஒரே பாடகர் அவராகத்தான் இருக்கும். ஹெவி மெட்டல் என்று ஒரு மேல்நாட்டு இசை. இரும்புக் கதவை உடைப்பதுபோல டிரம்ஸ், ரம்பம்போல கிடார், நடுவில் ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார். அந்த ஒருவர்தான் மெட்டல் தம்பி. மில்லில் காலை ஷிஃப்ட் முடித்து, மதியம் இரண்டு கூட்டாளிகளோடு மாடியில் ஒத்திகை பார்ப்பார். அதற்கு முன் பாதிப் படி இறங்கி வந்து நிற்பார்.

"ஏனுங்கக்கா, ஆரம்பிக்கலாமுங்களா? பாப்பாவுக்குத் தொந்தரவுன்னாச் சொல்லிப்போடுங்க, மெல்லமாக் கத்தறனுங்க."

மெல்லமாக எப்படிக் கத்துவது? வேண்டாம் என்றால் வருந்துவாரே என்று தலையாட்டிவிட்டு, உள்ளே ஓடிக் குழந்தையின் காதைப் பொத்தினேன். அப்போது அவளுக்கு எட்டு மாதம். பகலில் கண் மூடியதே இல்லை. மாடியில் முதல் அலறல் கிளம்பியது. அவள் கொட்டாவி விட்டாள். இரண்டாவது பாட்டில் தூங்கியே போனாள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. காது கேட்கவில்லையோ? டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். காது நன்றாக இருக்கிறதாம். அப்படியானால் வேறு ஏதாவது கோளாறோ? குழந்தை வளர்ப்புப் புத்தகத்தில் மெல்லிய பாட்டு என்று போட்டிருந்ததால் நானே பாடிப் பார்த்தேன். வீரிட்டாள்.

"இதுக்கு நானே அழுதுருவேன் போலிருக்குது அம்மணி," என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

சரி, தூங்கினால் போதும் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்ட நேரம் பார்த்துத்தான் கிரஞ்ச் வந்தது. அதுவும் மேல்நாட்டு இசைதான். தலை வாராமல், கசங்கிய கட்டம் போட்ட சட்டையோடு, மனசு சரியில்லை என்று முனகுவது. கேசட் கடையில் மெட்டல் கீழ்த்தட்டுக்கு இறங்கியது. கல்லூரி விழாக்களிலும் கிரஞ்சைத்தான் கேட்டார்கள்.

"அங்கயே பெரிய பெரிய மெட்டல்காரங்கெல்லாம் முடிய வெட்டிப்போட்டு, சோகமாப் பாட ஆரம்பிச்சுட்டாங்களாமுங்க," என்றார் தம்பி. "நாமளும் மாறலீன்னா மேடை கெடைக்காதுங்கக்கா."

மாறாதீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. என் குழந்தையின் தூக்கத்துக்காக இன்னொருவர் முன்னேற்றத்தைத் தடுக்கலாமா? நல்லதுங்க தம்பி என்றேன்.

அவருக்கு முடி முதுகு வரை தொங்கும். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் "பழனிக்குங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்று மறுத்துப் பேசுவது மரியாதையாகாது என்று அவரும் "ஆமாங்க" என்று சொல்லி வைத்திருந்தார். அந்த முடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

எதிர்வீட்டம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டார். "முருகனுக்குன்னு வளத்த முடியச் சலூன்ல குடுத்துட்டு வாரீங்களா? ஊடு வெளங்குமுங்களா?"

சாமியிடமும் மரியாதை தவறாதவர். மறுநாள் காலையே உக்கடம் போய்ப் பழனி பஸ் பிடித்தார். மொட்டைத் தலையில் சந்தனமும், கையில் தெருவுக்கே பஞ்சாமிர்தமுமாகத் திரும்பினார்.

"கிரஞ்சுக்குத் தலை வாரக் கூடாதுங்க. இதும் வாராத தலைதானுங்களே," என்றார். பிறகு தயங்கினார். "ஆனாச் சோகம் மட்டும் வர மாட்டேங்குதுங்கக்கா. மூணு வேளையும் நல்லாச் சாப்பிட்டா எங்கிருந்துங்க வரும்? நீங்க எப்பப் பாத்தாலும் கவலையாவே இருக்கறீங்களே, அது எப்படீங்க?"

கோபித்திருக்க வேண்டும். ஆனால் என் கவலையை ஒரு திறமையாக மதித்துக் கேட்ட முதல் ஆள் அவர். சொன்னேன். காஸ் தீர்ந்துவிடுமோ, பால் திரிந்துவிடுமோ, மகளுக்குப் பல் ஏன் இன்னும் முளைக்கவில்லை, முளைத்தால் வலிக்குமே. அத்தனையையும் ஆங்கிலத்தில் பாட்டாக்கிவிட்டார். ஒத்திகை தொடங்கியது. என் மகள் கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டாள், பிறகு அழுதாள். மதியத்துக்கு மதியம் அழுதாள். சில நாள் நானும்.

கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு கல்லூரியில் போட்டி. "பாட்டே உங்களுதுங்க, வராம இருந்தா எப்படீங்க?" என்று எங்களையும் வேனில் ஏற்றிவிட்டார். சித்திரை வெயிலில், திருப்பூரில் வாங்கிய கனத்த கட்டஞ்சட்டையும், சூட்டுக்குச் சந்தனம் பூசிய மொட்டையுமாக அவர் மேடையேறியதும் பையன்கள் விசில் அடித்தார்கள். பல் முளைக்காத வரியை முனகினார். கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. சிலர் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார்கள். ஜெயித்துவிடுவார் என்றுதான் தோன்றியது.

அப்போது என் மகள் ஆரம்பித்தாள். ஸ்பீக்கரையே அமுக்கும் அழுகை. வெட்கத்தோடு எழுந்தேன். பாட்டு நின்றது.

"ஒரு நிமிசமுங்க," என்றார் மைக்கில், கூட்டத்தைப் பார்த்து. "பாப்பாவுக்குத் தூக்கம் வந்துருச்சுங்க." பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, கத்தலாமுங்களா?"

தலையாட்டினேன்.

அவர் போட்ட அலறலில் பந்தலில் இருந்த காக்கைகள் பறந்தன. நடுவர் ஒருவர் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். பரிசு, நன்றாக முனகிய வேறு பையன்களுக்குப் போனது. என் மகள் அப்பாவின் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கினாள்.

"எங்களாலதானுங்களே தம்பி..." என்று வேனில் இழுத்தேன்.

"முனகி முனகி நெஞ்சே அடச்சுப்போச்சுங்கக்கா. இப்பத்தானுங்க மூச்சு வந்துச்சு."

இப்போது அவர் மேட்டுப்பாளையத்தில், தன் அப்பாவின் உருளைக்கிழங்கு மண்டியில் ஏலம் கூவுகிறார். அங்கும் கேட்டுவிட்டுத்தான் கத்துகிறாரா, தெரியாது. போகும்போது பழைய மெட்டல் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுத்தார். தினமும் மதியம் அதைப் போட்டால்தான் மகள் தூங்குகிறாள்.

ஓடி ஓடி இப்போது நாடா தளர்ந்துவிட்டது. பாட்டு மெதுவாகி, குரல் இறங்கி, மெட்டலாக இருந்தது கிரஞ்சாகிக்கொண்டு வருகிறது. மகளும் நடுவில் விழித்துக்கொள்கிறாள். போடாமல் பத்திரமாக எடுத்து வைப்பதா? வைத்தால் அவள் தூக்கம்? போட்டுப் போட்டு அறுந்துபோனால்? ஆரம்பத்தில் வரும் "ஏனுங்கக்கா, ஆரம்பிக்கலாமுங்களா?" மட்டும் இன்னும் தெளிவாக இருக்கிறது. அதைக் கேட்டதும், அடுப்படியில் எந்த வேலையில் இருந்தாலும் தலையாட்டிவிடுகிறேன்.

அந்த ஒரு வரியையாவது காப்பாற்ற வழி இருந்தால், தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.