உத்தனப்பள்ளி ஜிம்மின் மூன்று மாதத் திட்டம்

பாப்பம்மா பையோடு வந்தார். பையோடு போனார். இடையில் ஒரு டம்பெல்லைக்கூடத் தொடவில்லை.

"நாலு நிமிஷம்," என்றான் ஜிம் முதலாளி ஆனந்தராஜ். "தினப் பாஸ் எடுத்துட்டு நாலு நிமிஷத்துல யாராச்சும் போவாங்களா?"

"எடை பாத்தாங்க, போனாங்க," என்றாள் பயிற்சியாளர் ஜெயப்ரியா.

"டெய்லியுமா? அதுக்கு அவ்ளோ பெரிய பை எதுக்கு?"

உத்தனப்பள்ளியில் ஜிம் திறந்து இரண்டு மாதம். மாதக் கடைசிக்குள் முப்பது உறுப்பினர் சேராவிட்டால் ஹாலைப் பிரியாணிக் கடைக்கு விடுவதாகக் கட்டட உரிமையாளர் கிருஷ்ணப்பன் சொல்லிவிட்டார். ஷிப்ட் முடித்து வரும் கம்பெனி ஆட்கள் பதினொரு பேர் சேர்ந்திருந்தார்கள். மற்ற எல்லோரும் பாப்பம்மா மாதிரி. தினப் பாஸ், பெரிய பை, நாலு நிமிஷம்.

ஆனந்தராஜ் இரும்புத் தட்டுகளை எண்ணினான். எல்லாம் இருந்தன. சந்தேகம் அதிகமானது.

"மாத்தி வெக்கறாங்க. நம்மளத எடுத்துட்டு டூப்ளிகேட்."

"இரும்புலயாண்ணா டூப்ளிகேட்?"

தினப் பாஸை ஒழித்தான். இனி மூன்று மாதத் திட்டம் மட்டும். திருட வருகிறவன் மூன்று மாதத்துக்கு முன்பணம் கட்டுவானா?

மறுநாள் பாப்பம்மா, ராமப்பன் என்று ஒன்பது பேர் கட்டினார்கள். ஒருவர்கூடத் தள்ளுபடி கேட்கவில்லை.

"பேரமே பேசல பாத்தியா? பின்னாடி பெரிய கை இருக்குது. குருபரப்பள்ளி ஜிம்காரன் அனுப்பறான்."

"வேவு பாக்க ராமப்பன் பெரியப்பாவையா? அவருக்குக் கிட்ட வெச்சாத்தான் கண்ணே தெரியும்ணா."

எடை மெஷினுக்கு அடியில் ஒரு மஞ்சள் இதழ் கிடந்தது. முகர்ந்து பார்த்தான். யோசித்துப் பார்த்தால், ஜிம்மில் வியர்வை நாற்றம் போய்க் கோயில் வாசனை வந்து பல நாளாகியிருந்தது.

"செய்வினை!"

எலுமிச்சம்பழம் தேடி டிரெட்மில்லைப் புரட்டினான். பழம் கிடைக்கவில்லை. டிரெட்மில் அதற்குப் பிறகு ஓடவில்லை. கம்பெனி ஆட்கள் மூன்று பேர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

கடைசி ஆயுதத்தை எடுத்தான். எந்தப் பையானாலும் வாசலிலேயே எடை போட வேண்டும், போகும்போதும் வரும்போதும். தேதி, எடை, கையெழுத்து, ஜிம் முத்திரையோடு ஒரு சீட்டு.

"இனிமே ஒருத்தன் வரமாட்டான் பாரு."

மறுநாள் காலை வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றது. வார முடிவில் உறுப்பினர் நாற்பத்திரண்டு.

கிருஷ்ணப்பன் வந்து பார்த்தார். "ஹால் உனக்குத்தான்ப்பா. ஆனா ஜிம்னா குதிப்பாங்க, ஓடுவாங்கன்னு சொன்ன. எல்லாரும் ரேஷன் கடை மாதிரி நிக்கறாங்களே?"

ஆனந்தராஜ் பதில் சொல்வதற்குள் ராமப்பன் சீட்டை நீட்டினார். "முத்திரை சரியா விழல தம்பி. இன்னொருவாட்டி குத்து."

"எதுக்குங்க?"

"காட்டணும்ல."

"யாருக்கு?"

பஸ் ஹாரன் கேட்டது. ராமப்பன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த ஜிம்மில் அவர் ஓடி ஆனந்தராஜ் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்றிரவு ஆனந்தராஜ் ஷட்டரைப் பாதி இறக்கினான். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். கையில் பை இல்லை. ஒரு கற்றைச் சீட்டு இருந்தது. அத்தனையிலும் ஜிம் முத்திரை.

ஆனந்தராஜ் ஒரு டம்பெல்லை இறுகப் பிடித்துக்கொண்டான். "யாருங்க நீங்க? உங்களுக்கு எந்த பிளான்?"

"பூ மண்டி கரியப்பன்," என்றார் வந்தவர். "இதக் காட்டித்தான் சார் சாமந்திக்காரங்க அத்தன பேரும் என் தராசு பொய்யுங்கறாங்க, உங்க மெஷின் பைக்கு அரைக் கிலோ கம்மியா காட்டற மாதிரி ஒரு பிளான் போடுங்க, மூணு வருஷத்துக்கே சேந்துக்கறேன்."