விரால் அலுவலகத்தில் ஒரு பொய்க்கெண்டை

ஒரு காட்டில், அதுவும் அலுவலகம் உள்ள காட்டில், மாசாணம் என்ற நீர்நாய், குமாஸ்தா விராலைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் ஒரு காகிதம் குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாசாணத்துக்கு இடுப்புப் பிடிப்பு. முங்கி மீனை விரட்ட முடியாது. அதுவரை பிடித்துப் போட்ட மனைவியும் போன மழையில் போய்ச்சேர்ந்துவிட்டாள். மூன்று நாள் வெறும் தண்ணீரைக் குடித்துப் பார்த்தது, பசி ஏமாறவில்லை. அதனால் உட்கார்ந்து, மீனை ஏமாற்றிப் பிடிக்க ஒரு பொய்க்கெண்டை கட்டியது. யாரோ தொலைத்த தூண்டில் முள்ளில் மலையணிலின் வால்மயிரை வைத்து, நூலை இறுக்கிச் சுற்றி, கண் இருக்க வேண்டிய இடத்தில் காட்டுச்சேவலின் கழுத்து இறகைக் கட்டியது. அந்த இறகில் ஒரு மஞ்சள் பொட்டு உண்டு. தண்ணீருக்குள் அது முழித்துப் பார்க்கும்.

இறகு கொடுத்த சேவல் கொண்டையப்பன், "மச்சான், அனுமதி இல்லாம மடுவுல போட்டுராதே. பிடிச்சு உள்ள வச்சிருவாங்க," என்றது.

மாசாணம் சட்டத்துக்குப் பயந்த பிராணி. மடுவோர அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றது. முன்னால் ஆமை நின்றது. வரிசை நகர்ந்தபோதும் யாருக்கும் தெரியவில்லை.

மீன் பிடிக்க அனுமதி தருபவர் ஒரு விரால். மீனைப் பற்றி மீனுக்குத்தான் தெரியும் என்று காட்டில் முடிவு செய்திருந்தார்கள். அவர் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி, ஒரு மூச்சு வாங்கி, படிவத்தைப் படித்தார்.

"என்னய்யா இது?"

"பொய்க்கெண்டைங்க ஐயா. விரால், வாளை எல்லாம் நிஜக் கெண்டைன்னு நினைச்சுக் கவ்வும்."

"எந்த விரால்?"

"பொதுவா சொன்னேங்க."

"ஏழாவது கட்டத்துல 'உள்ளே முள் உண்டு'ன்னு நீயே எழுதியிருக்கே. படிச்ச விரால் கவ்வுமாய்யா? சரி, மாதிரியை நீந்தவிட்டுக் காட்டு. அப்படி ஒரு விதி இருக்கு. நான் போட்டதுதான்."

மாசாணம் தூண்டில் நரம்பை வீசி இழுத்தது.

"நனைஞ்ச துடைப்பம் மாதிரி வருது," என்றார் விரால். "தள்ளுபடி."

பசியைப் பொறுத்த மாசாணத்தால் இதைப் பொறுக்க முடியவில்லை. மறுபடி வீசியது. இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். நிறுத்தும்போது மயிர் மெல்ல விரிந்து மூச்சு விடுவதுபோல் அசைந்தது. மறுபடியும் இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம்.

விராலின் மூக்குக்கண்ணாடி நழுவியது. "முள் இருக்கு, முள் இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்றாவது நிறுத்தத்தில் கவ்விவிட்டார்.

"ஐயய்யோ! எடுத்துவிடறேங்க ஐயா," என்று மாசாணம் பதறியது. "அதுக்கு முன்னால அந்த முத்திரையை மட்டும் குத்திருங்க."

வாயில் முள்ளோடு விரால் காகிதங்களைப் புரட்டினார். "மூணாவது நகல் எங்கே?"

"மூணு நாளா சாப்பிடலைங்க ஐயா."

"அதுக்கும் நகலுக்கும் என்னய்யா சம்பந்தம்? போயிட்டு நாளைக்கு வா."

மாசாணம் யோசித்தது. நாளை வரைக்கும் உடம்பில் தெம்பு இல்லை. அங்கேயே சாப்பிட்டுவிட்டது.

அடுத்த வாரம் புது குமாஸ்தா வந்தார். அவரும் விரால்தான்.

"முன்னால இருந்தவர் எங்கே?"

"நீண்ட விடுப்புங்க ஐயா."

"சரி, மாதிரியைக் காட்டு."

ஆறாவது குமாஸ்தாவும் விடுப்பில் போன பிறகு சேவல் கேட்டது: "இன்னுமா மச்சான் அந்த மூணாவது நகலை எடுக்கலே?"

"எடுத்துட்டா சாப்பாட்டுக்கு எங்கே போறது?" என்றது மாசாணம், தொந்தியைத் தடவிக்கொண்டு.

அலுவலகத்தில் இப்போது யாரும் இல்லை. விண்ணப்பம் மட்டும் நிலுவையில் இருக்கிறது.

நீதி: சட்டத்தை மதித்து நடப்பவனுக்குச் சாப்பாடு அலுவலகத்திலேயே கிடைக்கும்.