கடலை நிறுத்தியவரின் தேசிக்காய்

சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்து போன மறுமாதம், கல்குடாப் பக்கத்து அகதி முகாமுக்குக் கடலடக்கிச் சாமியார் எழுந்தருளினார். ஆகா, என்ன கூட்டம்! நிவாரண லொறிக்குக்கூட அப்படி ஒரு வரிசை நின்றதில்லை. அலையைக் கையால் தடுத்து நிறுத்தியவராம். அன்றைக்கு அவர் இருந்த இடம், கரையைவிட்டு உள்ளே தள்ளியிருக்கிற கிரான். கிரானுக்குக் கடல் வரவில்லை. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

முகாமில் வயிற்றோட்டம் பரவியிருந்தது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சுகாதாரப் பரிசோதகர் தொண்டை கிழியக் கத்தினார். யார் விறகு பொறுக்குவது? சாமியாரோ அதே கிணற்றில் அள்ளி, மஞ்சள் கலந்து, தீர்த்தம் என்றார். நிவாரணத்தில் கிடைத்த தகர மீன் ரின் கொடுத்தவருக்கு ஒரு மிடறு, பால்மா கொடுத்தவருக்கு ஒரு போத்தல். குடித்தவர்கள் முன்னைவிட வேகமாக ஓடினார்கள்.

"ஏன் சாமி நோய் நிக்குதில்ல?" என்று கேட்டார்கள்.

"குறை உடம்பு ஒண்டு உள்ளுக்க கிடக்கு. அதத் தேடித்தான் நோய் வருகுது."

தாம்பாளத்தில் எலுமிச்சந் தேசிக்காய் ஒன்றை வைத்து ஏந்தியபடி கூட்டத்தைச் சுற்றினார். யார் மடியில் விழுகிறதோ அவர்தான் காரணமாம். விழுந்தது கேதீஸ்வரியின் மடியில். ஷெல்லடியில் ஒரு கால் போனவள். அவளுக்கும் நேற்றிலிருந்து வயிற்றால் போய், நாக்கு வறண்டு கிடந்தது.

முகாம் தலைவர் நல்லரத்தினம் உடனே தீர்ப்புச் சொன்னார். "இவவ வாவிக்கரையில கொண்டுபோய் விடுங்க. வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற ஜீவனி உப்புப் பக்கற்றும் கொஞ்சந்தான் கிடக்கு. முழு உடம்புக்காரருக்குக் குடுத்தாலும் பிரயோசனம்."

கேதீஸ்வரிக்கு வந்த கோபத்தில் களைப்பே பறந்துவிட்டது. "போறன். ஒள்ளுப்பம் பொறுங்க. சாமிட கண்ணக் கட்டிப்போட்டு இன்னொருக்காச் சுத்தச் சொல்லுங்க. ஆளப் புடிக்கிறது தேசிக்காய்தானே?"

சாமியார் தாடியைச் சொறிந்தார். "கட்டுங்க, சாமி வெல்லுவார்!" என்றார் தலைவர். கட்டினார்கள்.

கேதீஸ்வரி அசையவில்லை. தன் ஊன்றுகோலை மட்டும் பக்கத்திலிருந்த அன்னப்பூரணியிடம் நீட்டி, தலைவர் பக்கம் கண்ணைக் காட்டினாள். அன்னப்பூரணி டொக் டொக்கென்று அதை ஊன்றிக்கொண்டு போய், சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த நல்லரத்தினத்தின் அருகில் வைத்தாள். சாமியாரின் காது விடைத்தது. சத்தம் நின்ற இடத்துக்கே நடந்தார். தாம்பாளம் சரிந்தது. தேசிக்காய் தலைவரின் மடியில் விழுந்தது.

"இந்தா குறை உடம்பு! தூக்கி வெளிய போடுங்க!"

"ஐயோ சாமி, நான் நல்லரத்தினம்! எனக்கு ரெண்டு காலும் கிடக்கு!"

"தேசிக்காய்க்கு என்னத் தெரியாதுகா, என்ட கோல்ட சத்தந்தான் தெரியும்," என்றாள் கேதீஸ்வரி.

முகாமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது; இந்த முறை நோயால் அல்ல. சாமியார் கண்கட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு ஓட்டம் பிடித்தார். கடலை நிறுத்தியவரை ஒருவராலும் நிறுத்த முடியவில்லை.

தலைவர் முகம் கறுத்துப்போய் ஜீவனிப் பக்கற்றோடு வந்தார். "பாவம், கால் இல்லாத புள்ள. முதல்ல இவக்குக் குடுங்க."

"பாவம் எண்டு தராதீங்க. வயித்தால போகுது எண்டு தாங்க. தண்ணியக் கொதிக்க வச்சு, ஆறவிட்டுக் கரைச்சுத் தாங்க."

கரைத்துக் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

முழு உடம்பு, முழு உடம்பு என்று மார்தட்டுகிற ஐயாமாரே, அந்த முழு உடம்பில் தலை என்றும் ஒன்று இருக்கிறது. எப்போதாவது அதையும் பாவித்துப் பாருங்கள்.