போராட்ட டோக்கன் எண் மூன்று

நாட்டில் குழாய்கள் பெருகிவிட்டன, தண்ணீர் பெருகவில்லை. இந்த நிலைமையை அரசு மிகுந்த கவலையோடு ஆராய்ந்தது. தண்ணீர் வராத குழாய்களெல்லாம் உண்மையில் குழாய்களே அல்ல, குழாய் போல நடிப்பவை என்று கண்டுபிடித்தது. ஆகவே குடிமக்கள் யாவரும் தத்தம் குழாயைக் கழற்றி நேரில் கொண்டுவந்து, அது குழாய்தான் என்று சான்று பெறவேண்டும் எனச் சீர்திருத்தச் சட்டம் ஒன்று வந்தது. சான்று கிடைக்கும்வரை சுவரில் உள்ள ஓட்டைக்கு மரக்கட்டை அடித்து அரக்கு முத்திரை வைப்பார்களாம்.

நான் முடிவெட்டுபவன். கடையில் இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு குழாய். முத்திரை வைக்கிறவர்கள் நல்ல நேரம் பார்த்து வந்தார்கள். நாற்காலியில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தார். பாதி முகம்தான் மழித்திருந்தேன், மீதியைத் துண்டால் துடைத்துக்கொண்டு போனார். அதோடு வரத்து நின்றது. தண்ணீர் இல்லாத சலூனுக்கு யார் தலையைக் கொடுப்பார்கள்? கடை ஓடாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

அதிகாரி குழாயை வாங்கி இடப்பக்கம் திருகினார், வலப்பக்கம் திருகினார்.

"தண்ணி வரலையே."

"குழாய் இங்க இருக்கு சார். தண்ணி கடையில இருக்கு."

"அப்ப தண்ணிய ஏன் கொண்டுவரல?"

"ஒரு குடத்துல கொண்டுவரட்டுமா?"

"குடத்துல வந்தா அது குடத்துத் தண்ணி. அது எப்படிக் குழாய்த் தண்ணி ஆகும்? படிச்சவங்க மாதிரி பேசுங்க."

யோசித்துப் பார்த்தால் மனுஷன் சொல்வதும் சரிதான். வெளியே வந்ததும் பக்கத்துக் கடை ரொட்டிக்காரர் காதைக் கடித்தார்.

"மேசைக்குக் கீழ கொஞ்சம் கவனிச்சா போதும். என் குழாய்ல நேத்து அவர் மேசையிலேயே தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டிடுச்சு."

சான்றிதழையும் காட்டினார். 'நீர்வரத்து திருப்திகரம்' என்று முத்திரை குத்தியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செத்தாலும் லஞ்சம் கொடுப்பதில்லை என்று அங்கேயே சத்தியம் செய்தேன்.

என் மனைவியின் அண்ணன் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். ஒலிபெருக்கி அவரிடம் இருந்ததால் போராட்டத்துக்கு அவரே தலைவர் ஆனார். மறுநாள் இருநூறு பேர் அலுவலக வாசலில் குழாயும் கையுமாக நின்று, "லஞ்சத்தை மூடு, குழாயைத் திற" என்று தொண்டை கிழியக் கத்தினோம். இரண்டாம் நாள் கை வலித்தது, குழாயைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டோம். மூன்றாம் நாள் வளையல் கடைக்காரர் எடை குறைந்த பிளாஸ்டிக் குழாய்களை ஐந்து நிறத்தில் இறக்கிவிட்டார், பொருத்தமான தோடும் உண்டு. என் வீட்டம்மா நீலத்தில் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

"நிஜக் குழாய் கழுத்தை அறுக்குதுங்க," என்றாள்.

நான்காம் நாள் அதிகாரி வெளியே வந்தார். கும்பிட்டார்.

"உங்க உணர்வை மதிக்கிறோம். நடைபாதைய மறிக்காம, ஒருத்தர் பின்னால ஒருத்தரா நின்னு எதிர்த்தீங்கன்னா எல்லாருக்கும் சௌகரியம்."

நியாயமாகத்தானே கேட்கிறார் என்று வரிசையாக நின்றோம். அங்கேதான் குடி கெட்டது. நம் ஜனங்கள் வரிசையைக் கண்டால் விடுவார்களா? போகிறவர் வருகிறவரெல்லாம் பின்னால் நின்றுகொண்டார்கள்.

"எதுக்குங்க இந்த வரிசை?"

"தெரியல. முதல்ல நில்லுங்க, அப்புறம் கேட்டுக்கலாம்."

மத்தியானத்துக்குள் வரிசை மூன்று தெரு தாண்டிவிட்டது. அடிதடியும் ஆரம்பித்தது. "நான் விடிஞ்சதுல இருந்து எதிர்த்துட்டு இருக்கேன், நடுவுல வந்து எதிர்க்க நீ யாரு?" என்று ஒருவர் இன்னொருவர் சட்டையைப் பிடித்தார்.

ஆகவே அரசு டோக்கன் கொடுத்தது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு பேர், தலைக்கு மூன்று நிமிடம், நான்காம் ஜன்னலில் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். கோஷத்தை இரண்டு பிரதிகளில் முன்கூட்டியே தரவேண்டும். டோக்கன் வழங்கும் பொறுப்பு தலைவருக்கு. எனக்கு வந்த எண் நானூற்றுப் பன்னிரண்டு.

"தலைவர் எங்க அண்ணன்தானே, கேட்டுப் பாருங்களேன்," என்றாள் மனைவி.

கேட்டேன். மச்சான் வானத்தைப் பார்த்தார்.

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல மாப்பிள்ளை?"

"மச்சான், உங்க ஆயுசு பூரா முடிவெட்டு, சவரம் எல்லாம் இலவசம்."

"கொள்கை வெளியாளுக்கு. நீங்க நம்ம வீட்டுப் பிள்ளை."

மூன்றாம் எண் கைக்கு வந்தது. இதை லஞ்சம் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். உறவு என்றால் விட்டுக்கொடுக்காமல் இருக்க முடியுமா?

மறுநாள் காலை ஜன்னலுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறேன், அதிகாரி ஓர் அறிவிப்பை வாசித்தார். மக்கள் எழுச்சிக்குப் பணிந்து சட்டம் ரத்து. மரக்கட்டைகள் இன்றே பிடுங்கப்படும். குழாயை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

ஒருவரும் கைதட்டவில்லை.

"அப்ப என் நம்பர் என்ன ஆகுறது?" என்றார் ஐந்தாம் எண் தையல்காரர். மச்சானுக்கு இரண்டு சட்டை தைத்துக் கொடுத்திருந்தார்.

"இத்தனை நாள் நின்னது வீணா? எங்க முறை முடிஞ்சதும் ரத்து பண்ணுங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் கத்தியது நான்தான். "ரத்தை ரத்து செய்!" ஆயுசு முழுக்கச் சவரம் கொடுத்து வாங்கிய எண், சும்மா விடுவேனா? மச்சான் ஒலிபெருக்கியை என் வாயருகே பிடித்தார். மூன்று தெருவும் அதிர்ந்தது. மக்கள் எழுச்சிக்கு ஒரே நாளில் இரண்டாம் முறையாகப் பணிந்த அரசு, சாயங்காலத்துக்குள் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அப்போதுதான் எல்லோரும் கைதட்டினோம்.

என் முறையும் வந்தது. மூன்று நிமிடம் லஞ்சத்துக்கு எதிராக முழங்கினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டு, 'எதிர்ப்பு திருப்திகரம்' என்று முத்திரை குத்திக் கொடுத்தார். குழாய் பரிசீலனையில் இருக்கிறது.

தண்ணீர் இல்லாவிட்டாலும் கடையில் இப்போது உட்கார இடமில்லை. தலைவர் வீட்டு மாப்பிள்ளை என்று தெரிந்து வருகிறார்கள். டோக்கன் விநியோகத்தில் நடக்கும் ஊழலைக் கண்டித்து வரும் வாரம் மாபெரும் போராட்டம் ஒன்று இருக்கிறது. எண் வேண்டுபவர்கள் மச்சானிடம் போய் அலையவேண்டாம், நேரே என்னிடம் வாருங்கள். கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நல்லது, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நேற்றே வந்துவிட்டுப் போனார்.